கீழ்வீட்டு ஆன்ரி வாய் திறந்த நாள்

வடக்கு லண்டனில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரி, ஒரு யூதப் பெண்மணி. எங்களுக்கு அவர் கீழ்வீட்டு ஆன்ரி. அவரிடம் ஊர்க்கதை எடுபடாது. அம்மா யாரைப் பற்றியாவது தொடங்கினால் போதும், "உண்மையே ஆனாலும் பிறரைக் குறைசொல்வது எங்கள் சட்டத்தில் பாவம், கேட்பதும் பாவம்" என்று கதையை வெட்டிவிடுவார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். "உண்மையைச் சொல்ல என்ன பாவம்? இந்த மனிசிக்கு எப்பிடித்தான் பொழுது போகுதோ!" என்று அம்மா பரிதாபப்படுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, எங்களோடு இருந்த சித்திக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இல்ஃபோர்ட்டில். அவரின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சித்தி குசினியில் சமைக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டே திரிந்தார். பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை, படியடியில் நின்ற ஆன்ரியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று ஏறினார். வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆன்ரி மேலே வந்தார். ஒருநாளும் வராதவர். முகம் வெளிறியிருந்தது. சித்தி வேலைக்குப் போயிருந்தார். "குழந்தை வேண்டாமே" என்றார் ஆன்ரி, என்னைக் காட்டி. என்னை விட்டால் அம்மாவுக்கு ஆள் ஏது? கடைசியில் என் தோளைப் பிடித்தார். "நான் சொல்வதை மட்டும் சொல். கூட்டாதே, குறைக்காதே. முதலில் கேள், கலியாணம் முடிவாகிவிட்டதா?"

"அடுத்த கிழமை எழுத்து, கலியாணப் பதிவு எண்டு சொல்லு" என்றார் அம்மா.

ஆன்ரி கண்ணை மூடித் திறந்தார். "அந்த மனிதர் போன வருடம் ஒரு பெண்ணோடும் கைக்குழந்தையோடும் என்னுடைய மற்ற வீட்டில் குடியிருந்தார். மனைவி என்று என்னிடம் சொன்னார். பிறகு பிரிந்தார்களா, தெரியாது. விசாரியுங்கள்."

கூட்டாமல், குறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

"ஐயோ, என்ரை தங்கச்சி!" அம்மா பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார். பிறகு கேள்விகள் வந்தன. வெள்ளைக்காரியோ? சண்டை பிடிக்கிறவையோ? ஆன்ரி மாட்டேன் என்று தலையை அசைத்தார். "உங்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

அப்பா போய் விசாரித்தார். மனைவியும் பிள்ளையும் இன்னும் அவரோடுதான் இருந்தார்கள். சம்பந்தம் நின்றது. சித்தி சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எனக்கோ ஆன்ரி மேல்தான் ஆத்திரம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு எங்கள் சித்தியின் கலியாணத்தில் மட்டும் கோள் சொன்னாரே!

சில நாட்கள் கழித்துச் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். "அந்தாளின்ரை பெண்சாதி வடிவோ, அழகான ஆளோ எண்டு கேள்."

கேட்டேன். ஆன்ரி சித்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஞாபகமில்லை" என்றார்.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தவரின் தொப்பியைக்கூட மறக்காத ஆன்ரி! படியேறும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஆன்ரி பொய் சொல்லுறா, சித்தி."

"ஓம், எனக்கும் தெரியும்" என்ற சித்தி, கனநாளுக்குப் பிறகு சிரித்தார். பொய்யென்று தெரிந்தால் கோபமல்லவா வரவேண்டும்?