ராணித் தலைக் காசும் வெறும் வெள்ளியும்

எங்கள் வீட்டில் வெள்ளி இரண்டு கட்சியாக இருந்தது. பீரோவின் மேல் தட்டில் என் கணவரின் பழைய காசுகள். கீழ்த் தட்டில், புடவைகளுக்கு அடியில், என் வெள்ளிக் கட்டிகள். இரண்டும் சேர்ந்தது ஒரே காரணத்துக்காகத்தான். அவர் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில், நிலக்கரி ஏறும் பெல்ட்டில், ஒப்பந்தத் தொழிலாளி. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மின்சார சுவிட்சு செய்கிற ஒரு கம்பெனியில். வேலையை விட்டு நிற்கிற அன்றைக்குப் பென்ஷன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரப்போவதில்லை. பி.எஃப். பணம் மகளின் கல்யாணத்தோடு தீர்ந்துவிடும் என்பதும் முன்னாலேயே தெரிந்த விஷயம். தங்கம் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது வெள்ளி.

நான் ஏன் கட்டியாக வாங்கினேன் என்றால், அதற்கு என் வேலைதான் காரணம். ஒரு சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பித்தளைத் தகட்டின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது வெள்ளி. சுவிட்சைத் தட்டும்போது மின்சாரம் அந்தப் பொட்டைத் தொட்டுத்தான் ஓடும். பொட்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பதுதான் எங்கள் பிரிவுப் பெண்களின் வேலை. ஷிப்டு முடிந்தால் கேட்டில் எங்கள் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். கழிவு வெள்ளியைத் துளி விடாமல் சேர்த்து, எடை போட்டு, உருக்க அனுப்புவார்கள். அந்தப் பொட்டில் ராஜாவும் இல்லை, சிங்கமும் இல்லை. வெள்ளி என்றால் அதன் எடைதான் என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து என் மனதில் பதிந்துபோயிற்று.

தீபாவளி போனஸ் வந்த அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எங்கள் பிரிவுப் பெண்கள் யாரும் நேராக வீட்டுக்குப் போக மாட்டோம். எல்லோரும் கும்மிடிப்பூண்டி பஜாரில் இறங்கிவிடுவோம். ஐப்பசி மழையில் தெரு சொதசொதவென்று கிடக்கும். பட்டாசுக் கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற தோழி ஒருத்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், கைப்பையைத் தட்டித் தட்டி “டப்பு இருக்குது, ஊட்டுக்கு எடுத்துக்கினு போனா இருக்காது, வாங்கடி” என்பாள். மற்றவர்கள் கொலுசு பார்ப்பார்கள், குங்குமச் சிமிழ் பார்ப்பார்கள். நான் ஒரு சின்னக் கட்டி கேட்பேன். கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, எடையை எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டி, ரோஸ் காகிதத்தில் மடித்துத் தருவார். செய்கூலி என்று பேருக்குத்தான் இருக்கும். அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மீஞ்சூர் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்த அந்தச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சுக்கு அருகில் அந்தச் சில்லிப்பு தெரிகிறது.

அவருடைய காசுகளுக்குத் தொடக்கம் திருவள்ளூர். என் நாத்தனாரை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தை அமாவாசைக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க நாங்கள் ஒவ்வொரு வருடமும் போவோம். ஒரு தடவை, குளத்துப் படியிலிருந்து வெளியே வருகிற தெருவில், ஒருவர் சாக்கை விரித்துப் பழைய காசுகளைப் பரப்பி வைத்திருந்தார். என் கணவர் நின்றார். நான் குழந்தையோடு நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே முடித்துவிட்டேன், அவர் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் ராணியின் தலை. எடைக்கு உண்டான விலையைவிட மிக அதிகமாகக் கொடுத்து வாங்கியிருந்தார். அதை வாசற்கல்லில் தட்டி, அந்தக் ‘கிணிங்’ சத்தத்தை என்னைக் கேட்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு ராணியோடு சேர்ந்துகொள்ள மொட்டைத் தலை ராஜா வந்தார், கிரீடம் வைத்த ராஜா வந்தார். யுத்த காலத்துக் காசில் பாதிதான் வெள்ளி என்று படித்து வைத்துக்கொண்டு அதை ஒதுக்கப் பழகினார். அரசாங்கம் வெளியிடுகிற நினைவு நாணயங்களைத் தபாலில் வரவழைத்தார். அவை சீல் வைத்த பெட்டியில் வரும். அதைப் பிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் பிரிக்கவே மாட்டார். மற்றதையெல்லாம் ஆயுத பூஜை அன்று ஒரு தாம்பாளத்தில் கொட்டி, விபூதி போட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து, சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். பெல்ட்டில் நாள் முழுக்கக் கரித்தூளோடு இருந்த மனிதர் அன்றைக்கு மட்டும் விரலெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருப்பார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ராஜாக்களை வரிசைப்படுத்துவாள். அந்த நாட்களில் வீடு கலகலவென்று இருக்கும்.

எங்களுக்குள் வாக்குவாதம் வராமல் இல்லை. சாப்பிடும்போது வரும், துணி காயப்போடும்போது வரும்.

“கட்டி, கட்டியாவேதான் இருக்கும். இது வருஷம் ஏற ஏற வெலை ஏறும். இதுக்கு ஒரு கதை கீது இல்ல?” என்பார்.

“கதைக்கு எந்தக் கடையில துட்டு தர்றாங்க?” என்பேன்.

கதைக்குத் துட்டு கிடையாது என்பது எனக்கு ஆபரேஷன் ஆன வருடம் தெரிந்தது. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தன் காசு டப்பாவை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் அடகுக் கடைக்குப் போனார். கடைக்காரர் ராணியையும் பார்க்கவில்லை, வருடத்தையும் பார்க்கவில்லை. பழைய வெள்ளி என்று மொத்தமாகத் தராசில் கொட்டினார். கலப்புக்கு இவ்வளவு, அழுக்குக்கு இவ்வளவு என்று கழித்து ஒரு தொகை சொன்னார். இவர் வாங்கின விலையில் அது பாதிகூட இல்லை. விற்காமல் டப்பாவோடு திரும்பி வந்து ஆஸ்பத்திரிப் படுக்கை ஓரமாக உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று நான் கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“என் கட்டிய எடுத்துக்கினு போங்க. அதுக்குத்தானே வச்சிருக்கேன்,” என்றேன்.

கட்டிக்குக் கடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைய விலை என்னவோ அதற்குப் பணம் உடனே கிடைத்தது. எனக்கு அப்போது உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அதோடு அது ஒரு பழக்கமாகிவிட்டது. மகளுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட ஒரு கட்டி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருடம் தரையை உயர்த்த இரண்டு. அவருக்கு ஒப்பந்தக்காரர் மாறி, சில மாதம் சம்பளம் நின்றபோது இன்னும் சில. ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல் கீழ்த் தட்டைத் திறந்தோம். மேல் தட்டை யாரும் தொடவில்லை. தொட்டால் நஷ்டம் என்று இருவருக்கும் தெரியும்.

நான் வேலையிலிருந்து நின்ற அன்று எங்கள் பிரிவில் சால்வை போர்த்தி, கேக் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். ஆரம்பாக்கத்துத் தோழி அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். கீழ்த் தட்டில் ரோஸ் காகிதத்தில் ஒரே ஒரு கட்டி இருந்தது. அவருக்கும் அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிந்திருந்தது. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

“என்னுது எல்லாம் கரைஞ்சி பூட்ச்சிங்க. உங்களுது மட்டும் அப்டியே கீது.”

சண்டைக்காகச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது சண்டை மாதிரிதான் கேட்டது. அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். சாப்பிட்டார், கை கழுவினார், வெளியே போய்விட்டு வந்தார். மறுநாள் காலையில் நான் காபி கொண்டுவந்தபோது மேல் தட்டு காலியாக இருந்தது. டப்பாக்கள் எல்லாம் ஒரு துணிப்பைக்குள்.

“வித்துட்லாம். நம்ம ரெண்டு பேருக்குந்தானே சேத்தது,” என்றார்.

வெள்ளி விலை அப்போது நாங்கள் கனவிலும் நினைக்காத உயரத்தில் இருந்தது. ஆனாலும் அடகுக் கடைக்கு அவர் போகத் தயாராக இல்லை. காசு சேர்ப்பவர்கள் கூடுகிற கண்காட்சி ஒன்று சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போனோம். மேஜை மேஜையாக நாணயங்கள். ஒவ்வொன்றையும் நின்று பார்த்துக்கொண்டே வந்தார். விற்க வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வியாபாரியின் முன்னால் பையைத் திறந்தார். அந்த வியாபாரி பூதக்கண்ணாடியை வைத்து முதல் காசைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“சார், இதையெல்லாம் யாரு தேய்ச்சது?”

“நான்தாங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு.”

“பழைய காசு வாங்குறவங்க அந்தக் கருப்போடதான் சார் கேப்பாங்க. தேய்ச்சா முகத்துல இருக்கிற கோடெல்லாம் அழிஞ்சிடும். இனிமே இது வெறும் வெள்ளிதான்.”

அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். என் கணவர் ஒரு ராணியைக் கையில் எடுத்து, கட்டை விரலால் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு வருட வாக்குவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அந்த வியாபாரியே வெறும் வெள்ளி என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏனோ சந்தோஷமாகவே இல்லை. அந்த விபூதி விரல்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன.

சீல் வைத்த பெட்டிகளைப் பாருங்கள் என்று நான்தான் எடுத்து நீட்டினேன். அவற்றைப் பார்த்ததும் வியாபாரியின் முகம் மாறியது. அதில் வெள்ளி குறைவுதான். ஆனாலும் பிரிக்காமல் வைத்திருந்ததால் எடை விலையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். சாக்கு விரித்தவரிடம் வாங்கினதில் இரண்டு காசு வெள்ளியே இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டு என் கணவர் சிரித்துவிட்டார். “அந்த ஆளு மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் கீது,” என்றார்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு சௌகார்பேட்டைக்குப் போனோம். அங்கே வெள்ளி உருக்குகிற கடையில் மெஷினில் வைத்துச் சுத்தம் பார்த்து, அதற்குத் தகுந்தபடி எடைக்கு விலை போட்டார்கள். அவர் வாங்கின காலத்தில் எடைக்கு மேலே கொடுத்த நஷ்டமெல்லாம் அந்த விலை ஏற்றத்தில் ஈடாகிப் போயிற்று. கணக்குச் சொன்னபோது இவ்வளவு வருமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். எப்போது உருக்குவீர்கள் என்று அவர் கேட்டார். சாயங்காலத்துக்குள் என்றார்கள்.

“ஒண்ணு மட்டும் எடுத்து வச்சிக்கோங்க,” என்றேன்.

குவியலில் தேடினார். நல்லதாக ஒன்றை எடுப்பார் என்று நினைத்தேன். ஆனால் எடுத்தது ஓட்டை போட்ட ஒரு காசு. யாரோ எந்தக் காலத்திலோ கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தது. முகம் முழுக்கத் தேய்ந்து, ராணியா ராஜாவா என்று தெரியாது. தான் இதைத் தேய்க்கவில்லை, யாரோ கழுத்தில் போட்டுப் போட்டுத் தேய்ந்திருக்கிறது என்றார்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எண்ணூர் தாண்டும் வரை அவர் அந்த ஓட்டைக் காசை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இதுவுங் கட்டியா இருந்திருந்தா எப்பவோ பூட்டிருக்கும் இல்ல?”

ஆமாம் என்றேன். அது உண்மைதான். என் கட்டி என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது, மகளைப் படிக்க வைத்தது. விற்க முடியாமல் கிடந்த ஒரே காரணத்தால் அவர் காசு கடைசி வரைக்கும் தங்கிவிட்டது. இதை அவரிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

பணத்தில் பெரும்பகுதியைத் தபால் ஆபீசில் வயதானவர்களுக்கான சேமிப்பில் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வருகிறது. அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அது போதும். மற்றதற்கு நான் இரண்டு வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன். அவர் அமாவாசைக்குத் திருவள்ளூர் போனால் இன்னமும் தாமதமாகத்தான் வருகிறார்.

போன தீபாவளிக்கு மகள் வேப்பம்பட்டிலிருந்து போன் செய்தாள். அவளும் வேலைக்குப் போகிறாள், போனஸ் வந்திருக்கிறது. வெள்ளி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். “கட்டியா வாங்கு, அவசரத்துக்கு ஆவும்,” என்றார் அவர். அதே நேரத்தில் நான், சீல் வைத்த நாணயமாக வாங்கு, எடுத்துச் செலவழிக்க மனசு வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தர் பேசுங்கள் என்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டோம். அவள் கடைசியில் இரண்டும் வாங்கவில்லை. அந்தப் பணத்தை வீட்டுக் கடனில் கட்டிவிட்டாள்.