அக்கா கல்யாண சிடி ஓடிவிட்டது

இன்று அக்காவின் கல்யாண சிடியைப் போட்டேன். மறைந்த அப்பாவின் குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். பிளேயர் 'டிஸ்க் இல்லை' என்றது.

பதறிப்போய் டிஸ்க்கைச் சட்டையில் வட்டமாகத் தேய்த்தேன்.

"கோடு விழுந்துரும்டா! நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா தொடைக்கணும்" என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள். அவள் துடைத்தும் ஓடவில்லை. அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பிளேயரைத் திறந்து, லென்ஸில் படிந்திருந்த தூசியைப் பஞ்சால் மெல்லத் துடைத்தேன்.

படம் ஓடியது! பந்தியில் நின்ற அப்பா வீடியோக்காரரிடம், "அண்ணே, சாப்பிட்டீகளா?" என்றார்.



"ஊரையெல்லாம் கேட்டாரு, என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உடனே பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். உங்கள் வீட்டுக் கல்யாண சிடியில் இப்படிக் கேமராவில் மாட்டிக்கொண்டவர் யார்?