வராத ரயிலுக்குச் சாத்திய கேட்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கேட்டில் நான் காவலாக இருந்த காலம். ஸ்டேஷனில் பொத்தானை அழுத்தினால் என் கொட்டகைச் சுவரில் மின்சார மணி அடிக்கும். உடனே ஓடிப்போய்க் கேட்டைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கும் ஓர் இடைஞ்சல் வந்தது: என் காதுக்குள்ளேயே ஒரு மணி அடிக்கத் தொடங்கியது.

முதலில் முருகன்தான் கூப்பிடுகிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. காதில் அடிப்பதைச் சுவரில் அடிப்பதாக நம்பி, வராத ரயிலுக்குக் கேட்டைச் சாத்திவிட்டு நிற்பேன். இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் சேர்ந்துவிடும். செங்கல் வண்டிக்காரர் ஒருவர், "என்ன அண்ணே, இன்னைக்கும் சாமி ரயிலா?" என்று கேட்பார். எல்லாரும் சிரித்தார்கள், எங்கள் ரயில்வே துரையைத் தவிர. இன்னொரு தடவை நடந்தால் கேட்டுக்கு வேறு ஆள் என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

கிள்ளானில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், காது இரைச்சலுக்குக் கரண்டு வைக்கிறார் என்று கேள்விப்பட்டு, நானும் என் மனைவியும் போனோம். மேசைமேல் ஒரு மரப்பெட்டி. உள்ளே பேட்டரி, வெளியே ஒரு திருகு. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை என் இரண்டு காதுக்குப் பின்னாலும் வைத்துக் கட்டினார். விபூதி அழியாமல் கட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

திருகு திரும்பியது. காதோரம் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. அடுத்த நொடி தரை இடப்பக்கமாகச் சாய, நானும் நாற்காலியோடு சாய்ந்தேன். தலை கிறுகிறுத்தது. ஏனென்று தெரியாமல் சிரிப்பு பொங்கியது.

என் மனைவி கைகூப்பிவிட்டாள். "முருகா, வந்துட்டியா" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து என்மேல் திருநீற்றைத் தூவினாள். பல்வலிக்கு வந்து காத்திருந்த ஓர் அம்மாள், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடியே என் முன்னால் உட்கார்ந்தார்.

"சாமி, எம் மவளுக்கு எந்தப் பக்கம் வரன் அமையும்?"

சிரிப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தே கிடந்தது. அங்கே வாசல், அதற்கு அப்பால் பந்திங் போகும் ரோடு. பந்திங் பக்கம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். டிரெஸர் பதறிப்போய்த் திருகை எதிர்ப்பக்கம் திருப்ப, நான் பாய்மரம் போல் வலப்பக்கம், அம்பாங் இருக்கும் திசைக்குச் சாய்ந்தேன்.

"அம்பாங்லயும் ஒண்ணு இருக்காம்" என்றாள் என் மனைவி.

டிரெஸர் பெட்டியை நிறுத்தினார். சாமி பெயரில் பொய் நிற்கக் கூடாதே என்று, வந்தது அருள் இல்லை, கரண்டுதான் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"ஏன், கரண்டுல முருகன் வரமாட்டாரா?" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து, என் மனைவியின் வளையல் சத்தம் தனியாகக் கேட்டது. காதுக்குள் மணி இல்லை. ரயிலில் திரும்பும்போது, சக்கரச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இருவரும் பைத்தியம் போல் சிரித்துக்கொண்டே வந்தோம். காது மணி திரும்ப வந்தாலும் வரும் என்று டிரெஸர் சொன்னதை நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டது. மணி அடிக்கிறது. யாருடைய மணி? கேட்டுக்கு ஓடப் போனவன், அப்படியே நின்றேன். சுவர் மணி ஓடுவது கரண்டில்; கரண்டு என்றால் ஊரும், துடிக்கும். அதைத்தான் கிள்ளானில் தோலில் உணர்ந்தேனே. திரும்பி வந்து சுவர் மணியின்மேல் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்து, சும்மா கிடந்தது. கேட்டைத் திறந்தே விட்டேன். சற்று நேரத்தில் கைக்குள் அது கோழிக்குஞ்சு போல் துடித்தது. முருகா என்று ஓடிப்போய்ச் சாத்தினேன்.

செங்கல் வண்டிக்காரர் கேட்டுக்கு வெளியே மாட்டை நிறுத்தி, என்னைப் பார்த்து முனகத் தொடங்கினார். அதற்குள் அவர் மூக்குக்கு முன்னால் புகையும் இரும்புமாக ரயில் ஓடியது.

"இன்னைக்கு நெசமாவே வந்துருச்சு லா, அண்ணே" என்றார்.