சிறுத்தையை விட்டு மலைக்குப் போன வண்டி

இது 2009ஆம் ஆண்டு வைகாசி மாதம், ரொறன்ரோவில் நடந்தது. ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்கள். என் கணவருக்கும் தங்கச்சிக்கும் தெரிந்ததைத் தவிர, இதை நான் வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதலில் என்னையும் தங்கச்சியையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது பார்க்டேலில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தேன். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. தொலைக்காட்சியில் எனக்கு விளங்கிய ஒரே நிகழ்ச்சி ஆபிரிக்கக் காட்டு விலங்குகள்தான். சிங்கம் பாய்வதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாமே! ஒருநாள் ஒரு சிறுத்தை மரக்கிளையில் நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்ததைக் காட்டினார்கள். சீவியத்தில் ஒருக்கா இதை நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சி எனக்குப் பத்து வயது இளையவள். நான்தான் ஸ்பொன்சர் செய்து அவளை இங்கே எடுத்தேன். படி, படி என்று அரியண்டப்படுத்தியதும் நான்தான். அவள் படித்தாள். மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நல்ல வேலை, சொந்த வீடு, வாசலில் புதுக் கார். நான் ஸ்காபரோவில் அடுக்குமாடி வீடு, பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். அவளைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகத்தான் பேசுவேன். ஆனால் அவள் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் எனக்குத் தலையிடிக்கும். அது ஏன் என்று நான் ஒருநாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

போர் முடிவதற்கு முந்திய ஆண்டு அவள்தான் ஆரம்பித்தாள். "அக்கா, உங்கட சிறுத்தையைப் பாக்க ரெண்டு பேருமாப் போவம்" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து, கென்யாவுக்குப் போய்வந்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசிப்போம். அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஜீப் நடுக்காட்டில் பழுதாகி நின்றதாம். இன்னொன்றில் வழிகாட்டி வாயைத் திறக்கவேயில்லையாம். வேறொரு வழிகாட்டி விலங்குகளை விரட்டி விரட்டிப் படமெடுக்க வைத்தாராம். கடைசியில் ஒரு சிறிய நிறுவனத்தைப் பற்றி ஒரு பயணி எழுதியிருந்தார். அவர்களுடைய வழிகாட்டி, பாதையைக் கடந்துகொண்டிருந்த ஓர் ஆமைக்காக வண்டியை நிறுத்தி, அது போய் முடியும்வரை எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாராம்.

"இந்த மனிசன்தான் எனக்கு வேணும்" என்றேன். தங்கச்சி அந்த வழிகாட்டியையே கேட்டு எழுதிப் பதிவு செய்தாள்.

பிறகு அந்த ஆண்டு பிறந்தது. எங்கள் ஒரே அண்ணை, அண்ணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. செய்திகளைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை. நான் தங்கச்சியிடம், "நான் வரேல்ல" என்றேன். அவளும் "அப்ப நானும் போகேல்ல அக்கா" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் சொல்லவில்லை. "நான் இஞ்ச இருந்தா மட்டும் என்ன மாறப்போகுது? இந்த ரீவிக்கு முன்னால இருந்து எனக்கு விசர் பிடிக்குது. நான் போயிட்டு வாறன்" என்றாள்.

போய்விட்டாள். நான் கண்ட கனவுக்கு, நான் தெரிந்தெடுத்த வழிகாட்டியோடு, நான் இல்லாமல்!

அண்ணையை நினைத்து நான் அழுதது உண்மை. அதில் நடிப்பில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே மனம் இன்னொரு பக்கம் ஓடும். இப்போது அவள் வண்டியின் கூரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்பாள். இப்போது அவளுக்கு முன்னால் யானைக்கூட்டம் போகும். எரிந்துகொண்டே இருந்தேன். போரை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் சனம் ஊர்வலமாக வந்து கொடிகளோடு நின்ற நாட்களில், வேலைக்குப் போகமுதல் நானும் போய் நிற்பேன். தெரிந்தவர்கள் "தங்கச்சி வரேல்லையோ?" என்று கேட்பார்கள். "அவ சிங்கம் பாக்கப் போயிருக்கிறா" என்பேன். கேட்டவரின் முகம் சுருங்கும். அதைப் பார்க்க எனக்கு ஒரு சுகமாக இருந்தது. ஒருவருமே கேட்காத நாளில் நானாகவே கதையைத் தொடங்கியிருக்கிறேன்.

அவள் போய் நாலாம் நாள் காலை பத்து மணியிருக்கும். வவுனியாவில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அண்ணை குடும்பம் வெளியே வந்துவிட்டது. அண்ணைக்குக் காலில் காயம். ஆனால் நாலு பேரும் உயிரோடு அகதி முகாமில் இருக்கிறார்கள். கணவருக்கு வேலையிடத்துக்கு எடுத்துச் சொன்னேன். அவர் தொலைபேசியிலேயே விம்மினார்.

ஒரு மணித்தியாலம் போயிருக்காது, திரும்பவும் மணி அடித்தது. தொலைபேசித் திரையில் நீளமான ஓர் இலக்கம். ஆபிரிக்கா என்று பார்த்தவுடனே தெரிந்தது.

கையை நீட்டினேன். பிறகு மடியில் வைத்துக்கொண்டேன்.

சிங்கத்தைக் கண்ட கதை சொல்லத்தான் எடுக்கிறாள் என்று எனக்கு நானே சொன்னேன். பொய். அண்ணையைப் பற்றிக் கேட்கத்தான் எடுக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் நான் துடித்தேன் அல்லவா, அவளும் கொஞ்சம் துடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. எங்கள் வீட்டுத் தொலைபேசியில் செய்தி பதியும் வசதியும் இல்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடத்தில் இன்னொருக்கா அடித்தது.

அன்று நான் வேலை முடிந்து வந்ததும் கணவர் கேட்டார்: "தங்கச்சிக்குச் சொன்னனீரே?"

"ஓம், சொல்லியாச்சு" என்றேன்.

அடுத்த நாளும் பதினொரு மணிக்கு அதே இலக்கம். அதற்கடுத்த நாள், அவள் போய் ஆறாம் நாள், திரும்பவும் அடித்தது. சத்தம் பொறுக்க முடியாமல் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் உடனே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை.

போர் முடிந்துவிட்டதென்று அறிவித்து இரண்டு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். நானும் கணவரும் விமான நிலையத்துக்குப் போனோம். அவள் பையெல்லாம் செம்மண். முகம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது, அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. அந்த நேரத்திலும் நான் அதைத்தான் பார்த்தேன்!

எங்களைக் கண்டதும் அவள் கேட்ட முதல் சொல் "அண்ணை?"

கணவர் திகைத்துப்போனார். "அண்ணை சுகமா முகாமில இருக்கிறாரே. உமக்கு அக்கா சொல்லேல்லையோ?"

தங்கச்சி தள்ளுவண்டியில் இருந்த பெட்டியின் மேலேயே இருந்துவிட்டாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். கணவர் என்னைப் பார்த்தார். "லைன் சரியாக் கிடைக்கேல்ல" என்றேன் நான். வீட்டுக்குப் போகும்வரை அவர் காரில் வானொலியைக்கூடப் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "படங்கள் பாப்பமே அக்கா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. யானை, ஒட்டகச்சிவிங்கி, குட்டிகளோடு பெண்சிங்கம். ஒவ்வொரு படத்துக்கும் என் வயிறு எரிந்தது. "நல்லாத்தான் ரசிச்சிருக்கிறாய்" என்றேன்.

"இதில ஒண்டும் நான் எடுக்கேல்ல" என்றாள் அவள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. மொட்டை மலையொன்றின் உச்சி. தங்கச்சி ஒரு பாறையில் குந்தியிருக்கிறாள், காதில் தொலைபேசி, மற்றக் காதைக் கையால் பொத்தியிருக்கிறாள். பின்னால் சஃபாரி வண்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியும் இரண்டு இளம் பெண்களும் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்கிறார்கள். அவளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று அப்படி நிற்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"உது என்ன இடம்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். முதல் நாளிலிருந்தே அவளால் எதையும் பார்க்க முடியவில்லையாம். வண்டிக்குள் குனிந்துகொண்டு இருந்திருக்கிறாள். வழிகாட்டி அவளை "டாடா" என்று கூப்பிட்டிருக்கிறார். இதென்ன, போகச் சொல்லுகிறாரா என்று அவள் முழிக்க, அவர்களுடைய மொழியில் அது சகோதரி என்று சொல்லிச் சிரித்தாராம். நாலாம் நாள் என்ன கவலை என்று கேட்டிருக்கிறார். இவள் அண்ணையைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் தங்கிய முகாமில் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. கிழக்கே இருக்கும் மலையின் உச்சியில் மட்டும் வரும். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவர் வண்டியை அந்த மலைக்கு ஏற்றித் தன்னுடைய தொலைபேசியைக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே இலக்கம் எங்கள் வீட்டினுடையது. அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் இங்கே காலை பதினொரு மணி.

"ஆறாம் நாள் ஒரு மரத்தில சிறுத்தை படுத்திருக்குதெண்டு மற்ற வண்டிக்காரர் றேடியோவில சொன்னவை அக்கா. எல்லா வண்டியும் அங்க ஓடுது. இருட்டமுதல் முகாமுக்குத் திரும்பவேணும், அது சட்டம். ஒண்டில் சிறுத்தை, இல்லாட்டி மலை. அவர் எல்லாரையும் கேட்டார். அந்த வயசுபோன அம்மா மலைக்கு விடச் சொன்னா. நாளைக்குப் பாப்பம் எண்டு சொன்னா."

"அடுத்த நாள் பாத்தனீங்களோ?"

"இல்லை. பிறகு காணவேயில்லை. அந்த மனிசி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல."

ஆறாம் நாள். நான் எடுத்து வைத்த நாள்.

"படமெல்லாம் அவர்தான் எடுத்தவர்" என்றாள் தங்கச்சி தொடர்ந்து. "அவரைத் தெரிஞ்செடுத்தது நீங்கள்தான் எண்டு நான் சொல்லியிருந்தன். அதுக்குப் பிறகு என்ர கமராவை வாங்கி, இது வராத அக்காவுக்கு, இது வராத அக்காவுக்கு எண்டு சொல்லிச் சொல்லி எடுத்தவர்."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்து அவளுக்கு முன்னால் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி வந்த நேரம், மடியில் வைத்த கை, கணவருக்குச் சொன்ன பொய், ஊர்வலத்தில் நான் பரப்பிய கதை, ஒன்றையும் விடவில்லை. "எனக்கு உன்னில எரிச்சல். இண்டைக்கு நேற்றில்லை, கனகாலமா" என்றேன்.

அவள் கத்துவாள், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எடுத்து வைச்சது எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "பின்னால எங்கட தமிழ் ரீவிச் சத்தம் கேட்டது. லைன் கட்டாயிட்டுது எண்டு அவரிட்டச் சொன்னன். அக்கா வேணுமெண்டு வைச்சவ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அந்தச் சனத்தின்ர சிறுத்தையும் போச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஆனா ஒண்டு அக்கா. நீங்கள் வைச்ச உடன, அண்ணை உயிரோட இருக்கிறார் எண்டு நினைச்சன். அண்ணைக்கு ஏதும் நடந்திருந்தா, என்ன கோபமெண்டாலும் என்னோட கதைச்சிருப்பீங்கள். அதை நம்பித்தான் மிச்ச நாள் இருந்தனான். எண்டாலும் எயார்ப்போட்டில அத்தான் சொல்லும்வரைக்கும் நெஞ்சு இடிச்சுக்கொண்டுதான் இருந்தது."

இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். கோபமும் வந்தது, வராமல் இருக்குமா? அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. ஊர்வலத்தில் யார் யாரிடம் அவளைப் பற்றிச் சொன்னேனோ, அவர்களைத் தேடித் தேடி, அவள் அங்கேயும் அண்ணையை நினைத்துத்தான் இருந்தாள், நான் சொன்னது பிழை என்று சொன்னேன். கதை பரப்பும்போது இருந்த வேகம் அதற்கு இருக்கவில்லை. சிலர் நம்பவில்லை. ஒருத்தி, "இப்ப ஏன் உதைச் சொல்லுறீங்கள்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அது எனக்கு வேண்டியதுதான். ஆவணி மாதம் ஒருநாள் தங்கச்சி தானாகவே வந்து மேசையில் இருந்து, "சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டாள். நான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைத்தேன்.

அண்ணை குடும்பம் அடுத்த ஆண்டு முகாமிலிருந்து வெளியே வந்தது. நான் இன்னும் ஆபிரிக்காவுக்குப் போகவில்லை. பொறாமை என்னைவிட்டுப் போய்விட்டது என்றும் எழுத முடியாது. தங்கச்சிக்கு ஒரு நல்லது நடக்கும்போது இப்போதும் தலையிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அதை ஊருக்குப் போய்ச் சொல்லாமல் அவளிடமே சொல்லிவிடுகிறேன், அவளும் சிரிக்கிறாள். என் துக்கம் பெரியது என்ற நினைப்பில் இன்னொருவரைத் துடிக்க விடும் உரிமை எனக்கு இருக்கிறதென்று அந்த மூன்று நாட்கள் நான் நம்பியதுதான், போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்குப் பயமாக இருக்கிறது.