எம் பொண்ணுக்குக் கேக்குமா அந்த ஊசி?

2009-ஆம் வருஷம். பன்றிக் காய்ச்சல் பயத்தில் ஊரே மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரிந்த நேரம். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரம் போய் எம்.எஸ்சி. பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். "அது இன்னாடி, டாக்டர் படிப்பா, கம்ப்யூட்டர் படிப்பா?" என்பார்கள் தெருவில். ரெண்டும்தான் என்று கெத்தாகச் சொல்வேன்.

அந்தப் புது வைரஸுக்குத் தடுப்பூசி வடிவமைப்பதுதான் என் புராஜெக்ட். பயந்துவிடாதீர்கள், வைரஸ் பக்கமே நான் போகவில்லை. அதன் புரதத்தின் எழுத்து வரிசை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால், எந்தத் துண்டைக் காட்டினால் நம் உடம்பு உஷாராகி எதிர்க்கும் என்று கணித்துச் சொல்லும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து வரும் பேராசிரியை, வகுப்பிலேயே சிறந்த ஒரு துண்டைத் தன் லேபில் நிஜமாகவே தயாரித்து, ரத்த செல்களில் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அது என்னுடையதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை!

வைவா அன்று காலை, சுருட்டிய சார்ட்டோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மரக்காணம் பக்கத்து அக்கா ஒருவர், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். குழந்தை இருமியதும் சுற்றி இருந்த சீட்டெல்லாம் காலி. "எறக்கி வுடுப்பா, பேஜாரா பூடும்!" என்று ஒருவர் கண்டக்டரிடம் சத்தம் போட்டார். எனக்கு வந்ததே கோபம்! "இருமுனா எல்லாம் அந்தக் காய்ச்சலா? நீங்க வாங்கக்கா" என்று பக்கத்தில் உட்காரவைத்து, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். கையில் என்ன என்று கேட்டார். ஊசி விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஊசி வந்துச்சின்னா எம் பொண்ணுக்குக் கேக்குமாம்மா?"

கேக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

விஷயம் இதுதான். வைரஸ் துண்டைப் பிடித்து உடம்புக்குக் காட்டிக்கொடுக்கிற புரதம் எல்லோருக்கும் ஒரே வகை இல்லை. ஒவ்வொரு தேசத்து ஜனங்களிடமும் ஒவ்வொரு வகை அதிகம். எந்த வகைக்குக் கணிக்கட்டும் என்று சாஃப்ட்வேரே கேட்கும். எங்கள் வகுப்பு மொத்தமும், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பார்த்த ஒரே வகையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தோம். அது ஐரோப்பியர்களிடம் அதிகம் இருப்பது. லண்டன் குழந்தைக்கு என் ஊசி கேட்கலாம். என் பக்கத்தில் அம்மா தோளில் சாய்ந்து தூங்கும் இந்தக் குழந்தைக்கு?

"பாத்துட்டு சொல்றேங்க்கா" என்றேன்.

விழுப்புரத்தில் இறங்கியதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டாத சாமி இல்லை. நம் பக்கத்து ஜனங்களிடம் அதிகம் காணப்படும் வகைகளைப் போட்டு மறுபடி ஓட்டினால், என் செல்லத் துண்டு அடிமட்டத்துக்குப் போய்விட்டது! நான் சீண்டாமல் விட்ட வேறொன்று மேலே வந்திருந்தது.

சார்ட்டோ அச்சாகிவிட்டது. மார்க்கர் வாங்கி, பழைய துண்டின் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதினேன். வைவாவில் அதைப் பிரித்ததும் என் தோழிகளின் முகம் வெளுத்துப்போனது.

"ஏம்மா அடிச்சிருக்க?" என்றார் பேராசிரியை.

"அது வெளிநாட்டுக்காரங்களுக்கு மேடம். எங்க பஸ்ஸுல வர்ற பாப்பாவுக்கு இதுதான் கேக்கும்னு கணிப்பு சொல்லுது" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் அந்தக் கணிப்பை என்னை மறுபடி ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு என் சார்ட்டைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அதே அக்கா. சாதாரண சளிக் காய்ச்சல்தானாம். குழந்தை பன் தின்றுகொண்டிருந்தது.

"இன்னாமா, கேக்குமா?"

"இன்னும் லேபுக்கே போகலக்கா. ஆனா இப்ப உங்க பொண்ணையும் கணக்குல சேத்துட்டேன்."

"ஜல்தியா பண்ணு, அவ வளந்துடப் போறா!" என்று சிரித்தார்.

அந்தத் துண்டு ஊசியாகும் அளவுக்குத் தேறவில்லை. இப்படிக் கணிக்கிற துண்டுகளில் பெரும்பாலானவை தேறாது. ஆனால் அந்த லேபிலேயே எனக்கு வேலை கிடைத்தது. இப்போதும் கணிப்பை ஓட்டுவதற்கு முன் அந்த அக்கா என் மனசுக்குள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல முடிகிறவரை நான் பட்டனைத் தொடுவதில்லை.