மூடியில்லாத தொட்டி

ஆற்றுச் சங்கத்தின் அறையில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். பூட்டிய கதவு, அதன் முன்னால் காய்ந்து கிடக்கும் தரை, ஓரத்தில் சுருட்டிப் போட்ட ரப்பர் குழாய். கீழே கொட்டை எழுத்தில் 'நமது முதல் வெற்றி'. அந்தக் கதவு என்னுடையது. நான் வண்டி கழுவிப் பிழைத்த கொட்டகை அது. ஊரார் சேர்ந்து மூடினார்கள், சரி. ஆனால் அந்தப் படத்துக்கு ஆணி அடித்தவர் என் அக்கா புருஷன். அந்த ஆணியைப் பல வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அத்தானுக்குத் தொழில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. மொட்டை மாடித் தொட்டியோ, தரைக்கு அடியில் கட்டிய தொட்டியோ, கூப்பிட்டால் வருவார். ஆள் ஒல்லி. பூனை நுழையும் ஓட்டை போதும். உள்ளே இறங்கித் தேய்த்துக்கொண்டே பாடுவார். தொட்டிக்குள் யார் பாடினாலும் நன்றாகத்தான் கேட்கும். வெளியே வந்து பாடினால் அக்கா காதைப் பொத்திக்கொள்வாள். ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிட்டு, அலசி, புதுத் தண்ணீர் நிரப்பியதும் முதல் டம்ளரை வீட்டுக்காரர் கண்முன்னே தானே குடித்துக் காட்டுவார். சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டு. விரல் நுனி வெடித்திருக்கும். எத்தனை முறை குளித்தாலும் பவுடர் வாசம் போகாது. "இந்த மனுஷன் என்கிட்ட ஒளிஞ்சு விளையாட முடியாது, மூக்கே காட்டிக் குடுத்துடும்" என்பாள் அக்கா.

மருந்துக்கடைக்காரம்மா ஆற்றுக்காகச் சங்கம் தொடங்கியபோது முதல் ஆளாகப் போனவர் அவர்தான்.

"ஆறுன்னா என்ன மாப்ள, மூடியில்லாத தொட்டி. அவ்வளவுதான்" என்றார் என்னிடம். நானும் தலையாட்டி வைத்தேன்.

குப்பை அள்ளினார்கள். கழிவுக் குழாய்களை ஆற்றிலிருந்து திருப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆற்றில் கெண்டை அற்றுப்போய் வெகுகாலம். ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்து வந்து, வளைவில் மணல்மூட்டை அடுக்கி, வலை கட்டி வளர்த்தார்கள். குஞ்சும் பொரித்தது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்கள் வந்த காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. மீன் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தது.

அந்த வளைவுக்குச் சற்று மேலேதான் என் கொட்டகை. என் சோப்பு நுரை ஆற்றில் இறங்குவதை ஊரே பார்த்திருக்கிறது. கூட்டம் நேராக என் வாசலுக்கு வந்தது.

"நேத்து ஒரு வண்டிகூடக் கழுவலைய்யா! மோட்டார் ரிப்பேர்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? கூட்டத்தில் அத்தான் நின்றிருந்தார். முந்தின நாள் காலையில் அந்த மோட்டாரைக் கழற்ற எனக்குக் கை கொடுத்தவரே அவர்தான்.

"அத்தான், நீங்க சொல்லுங்க!"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கொட்டகையை மூடிவிட்டார்கள்.

பெரிய ரோட்டில் ஒருவரிடம் கூலிக்கு வண்டி கழுவப் போனேன். அத்தான் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அவரோ தெரிந்த வண்டிக்காரர்களை எல்லாம் என்னிடமே அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா வந்து புலம்புவாள்: "மீன் சட்டியைப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடுறாருடா."

"தொட்டிக்காரருக்கு ஞானம் வந்துடுச்சாக்கும்" என்றேன்.

வருஷங்கள் ஓடிய பிறகு ஒரு மத்தியானம் நான் லாரிக்கு அடியில் படுத்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார்.

"மாப்ள, தண்ணியை நிறுத்து. ஒண்ணு சொல்லணும்."

"கேக்குது, சொல்லுங்க."

"நிறுத்துடா!"

நிறுத்தினேன்.

"அந்தக் கெண்டையெல்லாம்... நான்தான்."

லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன்.

"தண்ணி பச்சைப் பசேல்னு கிடந்துச்சு. பெரிய மனுஷங்களுக்கு இதையா காட்டுறதுன்னு, சாயங்காலம் எல்லாரும் போனதும் பவுடரைப் போட்டேன். தொட்டிக்குப் போடுற கணக்குல."

"மீன் கிடக்கிற தண்ணியிலயா?"

"தொட்டியில மீன் இருக்காதே மாப்ள. எனக்குத் தோணவே இல்ல."

"காலையில வாசம் வந்திருக்குமே, ஒருத்தருக்கும் தெரியலையா?"

"நான் பக்கத்துல நின்னேன்ல. என் வாசம்னு நினைச்சுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடுவதற்குள் கையிலிருந்த குழாயைத் தரையில் வீசினேன். "என்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அங்க போய்ச் சொல்லுங்க" என்றேன்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். நான் வாசற்படியில் நின்றேன். மோட்டார் கழற்றியதையும் விடவில்லை, வாய் திறக்காமல் நின்றதையும் விடவில்லை.

"விடுங்கண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரம்மா. "நல்லது நினைச்சுத்தானே செஞ்சீங்க. அந்தக் கொட்டகையும் அழுக்கைத்தானே விட்டுச்சு."

யாரோ கை தட்டினார். டீ வந்தது. முடிந்தது விஷயம்.

அந்தம்மா சொன்னதை மறுக்க வழியில்லை. என் நுரை ஒன்றும் சந்தனம் இல்லையே.

அத்தான் டீயைத் தொடவில்லை. நாற்காலி மேல் ஏறி அந்தப் படத்தைக் கழற்றினார். ஆணியையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். காரை உதிர்ந்து தலையில் விழுந்தது. வெளியே வந்து ஆணியை என் கையில் வைத்தார்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை மாப்ள. டீ குடுத்துட்டாங்க."

கொட்டகையைத் திறந்துகொள் என்று எனக்கும் ஆள் அனுப்பினார்கள். நான் திறக்கவில்லை. திறந்தால் நுரையை எங்கே விடுவது?

சங்கம் மறுபடி மலையடியிலிருந்து கெண்டை கொண்டுவந்து வலைக்குள் வளர்த்தது. அத்தான் மூட்டை சுமந்தார், கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து தைத்தார். மீன் இருக்கும் தண்ணீரில் மட்டும் கையை வைக்கவே இல்லை. வாளியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அதற்குள் அவர் நெஞ்சு கெட்டுவிட்டது. மூடின தொட்டிக்குள் அத்தனை வருஷம் இழுத்த பவுடர் காற்று. இனிமேல் தொட்டியில் இறங்கக்கூடாது என்றார் டாக்டர். இறங்கவும் தெம்பில்லை. நான் வேலை விட்டு நேரே அவர் கட்டிலருகே போய் உட்காருவேன். ஒதுங்கி நின்ற வருஷங்களை உட்கார்ந்தா ஈடுகட்ட முடியும்?

"நாளைக்குக் கெண்டையை ஆத்துல விடுறாங்க" என்றார் ஒருநாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "முதல் வாளியை என்னை ஊத்தச் சொல்றாங்க."

"ஊத்துங்க அத்தான். நான் தூக்கிட்டுப் போறேன்."

"இந்தக் கையாலயா?"

விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். பவுடரைத் தொட்டு மாதக்கணக்காகிவிட்டது. நானும் குனிந்து மோந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீ ஊத்து மாப்ள."

"நானா? நுரைக்காரன் நான்."

"அதான் சொல்றேன்." இருமல் அடங்கும் வரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கடைசியாக அவர் என்னிடம் கேட்டது இதுதான். "வாளியைத் தொடுறதுக்கு முந்தி உன் கையை மோந்து பாரு. சோப்பு வாசம் அடிச்சா அலசு. தள்ளிப் போய் அலசு, ஆத்துல வேணாம். அப்பவும் அடிச்சா, வாளியை வேற யார்கிட்டயாவது குடுத்துடு."