அடிக்குறிப்பில் விட்ட இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தவர், திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஒரு மாடியறையில் வேலை பார்த்த நாற்பது வயதுப் பெண். ஒல்லியான உடம்பு, விரல் நுனிகளில் எப்போதும் கார்பன் கறை. நூலுக்குப் பக்க எண், இதழுக்கு மாதம், கல்வெட்டுக்கு ஊர் இல்லாமல் எந்த அடிக்குறிப்பையும் அடிக்க மாட்டார்.

நான்காம் இயலில் அவர் கை நின்றது.

"சார், இந்த ரெண்டு பக்கத்த போன வருஷமே அடிச்சிருக்கேன். கீழ்பென்னாத்தூர்லேர்ந்து ஒரு பொண்ணு கொண்டாந்துச்சு. ஊர் ஊரா அலைஞ்சு எழுதினேன்னு சொல்லுச்சு. இங்க அடிக்குறிப்புல உங்க ப்ரொபசர் பேரு போட்டிருக்குதே? அந்தப் பொண்ணு பேரு எனக்குத் தெரியும், சொல்லட்டுங்களா?"

அந்த இரண்டு பக்கக் களக் குறிப்புகளைத் தம்முடையவை என்று எனக்குத் தந்தவர் என் பேராசிரியர்தான். அவர் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது. ஆய்வைப் பாதியில் விட்டுப்போன ஒரு மாணவியைப் பற்றித் துறையில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"வேணாம்மா. இருக்கறபடியே அடிங்க."

"மத்ததெல்லாம் அடிச்சிடறேங்க. அந்தப் பேர மட்டும் நீங்களே எழுதிக்குங்க."

சொன்னபடியே, அடிக்குறிப்பில் பெயருக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுத்தார். நான்கு பிரதிகளிலும் பேராசிரியர் பெயரை நானே பேனாவால் எழுதினேன். பட்டம் வந்தது. கல்லூரி வேலையும் வந்தது. மேற்கோள் காட்டும் முறையை மாணவர்களுக்கு நடத்துமளவுக்கு எனக்குத் தோலும் தடித்தது.

அதன்பின் தட்டச்சு செய்த அந்த அம்மாவை வழியில் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்குவேன். அவர் நின்று, "வணக்கங்க சார்" என்பார். அது மரியாதைதானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.